இடது முழங்காலில் ஒரு மூக்கு

சாவிக்காரரின் கடைக்குள் நின்று இரண்டு கைகளையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டுப்படும். அவ்வளவுதான் அகலம். வலது சுவர் முழுக்க ஆணிகள். ஆணிகளில் இன்னும் பல் வெட்டாத வெறுஞ்சாவிகள். இடது சுவரில் அரங்கள், வளைந்த கம்பிகள், செத்துப்போன பூட்டுகளின் வயிற்றிலிருந்து எடுத்து வைத்த சுருள்கள். சாவி வெட்டும் இயந்திரத்தைப் பின்சுவரோடுதான் திருகிப் பொருத்த முடிந்தது. அதனால் அதன்முன் முக்காலி போட்டு உட்காருகிறவர் தெருவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். இருபத்தெட்டு வருடமாக அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். கடைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ஒரு வழுக்கையையும் இரண்டு தோள்களையும்தான். இந்தக் கதையில் அந்த முதுகுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் பூட்டைப் பற்றித்தான் பேசுவார். "பூட்டு கோவக்காரன் இல்ல, கூச்சக்காரன். அவசரப்படுத்தினா வாயே திறக்காது. காது குடுத்துக் கேட்டா தானா சொல்லும்" என்பார். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் விழித்துக்கொண்டு நிற்கிறவர்களின் வீட்டுக்குப் போய், துளைக்குள் கம்பியை விட்டு, கண்ணை மூடி, தலையைக் கதவோரம் சாய்ப்பார். பூட்டுக்குள் வரிசையாக நிற்கும் குட்டி ஊசிகள் ஒவ்வொன்றாக ஏறி உட்காரும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வருமாம். அது அவருக்கு மட்டும்தான் கேட்குமாம். சுற்றி நிற்பவர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். பூட்டு திறந்துவிடும்.

அவருக்கு வாய்த்த நாயின் பெயர் கொக்கி. பதின்மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில் கடைக்குள் வந்து, அவருடைய கால்சட்டையின் விளிம்பைக் கவ்விக்கொண்டது. உள்ளங்கை அளவுக் குட்டி. காலை உதறினார், முதுகில் தட்டினார், ரொட்டித்துண்டைக் காட்டினார். விடவில்லை. "எத்தனையோ பூட்டைத் திறந்தாச்சு, இந்த வாயைத் திறக்க முடியலையே" என்று நொண்டியபடியே வீடு போய்ச் சேர்ந்தார். வீட்டில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி தையல் இயந்திரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்து, "என்னங்க இது, கொக்கி போட்ட மாதிரி தொங்குது" என்றாள். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

முதல் சில வருடங்கள் அது தெருவையே கூட்டுகிற மாதிரிக் குரைக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கடையில் குரைப்பது நின்றுபோனது. வயது ஏற ஏற அடக்கம் வந்துவிட்டது என்று எல்லோரும் மெச்சினார்கள். பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுக்கும் அம்மாள், "எனக்கு இப்படி ஒரு புருஷன் வாய்ச்சிருக்கக் கூடாதா, வாயே திறக்க மாட்டேங்குது" என்று அதன் தலையைத் தடவிவிட்டுப் போவாள். குரைப்பு போன இடத்தில் வேறொரு பழக்கம் வந்து உட்கார்ந்தது. மூக்கால் முழங்காலை முட்டும். கடைக்குப் போடுகிற அவர் கால்சட்டை எல்லாவற்றிலும் இடது முழங்காலில் ஒரு ஈரவட்டம் இருக்கும். "வேலை பாக்க விடறானா பாரு" என்று அவர் அதன் மூக்கைத் தள்ளிவிடுவார். கடைசி ஒரு வருடத்தில் அந்த முட்டலும் குறைந்து, கடை வாசலில் குறுக்கே படுக்க ஆரம்பித்தது. வருகிறவர்கள் அதைத் தாண்ட வேண்டியிருந்தது. சிலர் தடுக்கினார்கள். கிழவனாகிவிட்டான், நகரச் சோம்பல் என்று விட்டுவிட்டார்.

செத்ததும் அந்த இடத்தில்தான். ஒரு பிற்பகல், சாவி வெட்டிக்கொண்டிருந்தவரின் தோளை யாரோ தொட்டார்கள். திடுக்கிட்டுத் திரும்பினார். ஒரு வாடிக்கையாளர், சங்கடமான முகத்தோடு நின்றிருந்தார். "உங்க நாய்..." என்றார். கொக்கி வாசலில் குறுக்கே, எப்போதும் போல, முகவாயைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது. அவர் குனிந்து தொட்டபோது உடம்பில் சூடு இன்னும் மிச்சம் இருந்தது.

அவர் அழவில்லை. மனைவிதான் அழுதாள். அவர் அதன் கழுத்துப் பட்டையைக் கழற்றி, துடைத்து, பூட்டுச் சுருள்களுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். மறுநாள் கடையைத் திறந்தார்.

பிறகு வந்த நாட்களில்தான் அவருக்கு ஒன்று புரிந்தது. வீடு அடியோடு அமைதியாகிவிட்டது. ஒரு நாய் போனால் இத்தனை சத்தம் போகுமா என்று அவரே வியந்தார். கடையும் அப்படித்தான். இருபத்தெட்டு வருடமாக இரைந்த தெரு பஞ்சு அடைத்த மாதிரி ஆகிவிட்டது. துக்கம் என்பது இப்படித்தான் இருக்கும்போல என்று எண்ணிக்கொண்டார். அவரை நேரில் பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள்.

"நாலு தடவை கூப்பிட்டேன் அண்ணா. நீங்க திரும்பவே இல்ல. வந்தவங்க நின்னு நின்னு பாத்துட்டுப் போயிட்டாங்க" என்றாள் ஜெராக்ஸ்காரம்மாள், மூன்றாம் நாள்.

"மனசு இங்க இல்லம்மா" என்றார்.

ஐந்தாம் நாள் இரண்டு பேர் போனார்கள். ஏழாம் நாள் ஒருவர் கோபித்துக்கொண்டு, "நாய் செத்ததுக்கு இவ்வளவு தெனாவட்டா" என்று சொல்லிவிட்டுப் போனதாக அவள் வந்து சொன்னாள். வீட்டில் தொலைபேசி அடித்து ஓய்ந்தது. குளியலறைக் குழாயை மூடாமல் வந்து தொட்டி காலியானது. மனைவி வெளியூரில் இருக்கும் மகளிடம் தொலைபேசியில் சொன்னாள். "உங்கப்பா உள்ளுக்குள்ளயே போயிட்டாருடி. பக்கத்துல நின்னு கூப்பிட்டாலும் ஏன்னு கேக்கல. எனக்குப் பயமா இருக்கு."

அவருக்கு இருந்த பயம் வேறு. அதை யாரிடமும் சொல்லவில்லை. எட்டாம் நாள் ஒரு வீட்டுக்குப் பூட்டுத் திறக்கப் போனார். கம்பியை உள்ளே விட்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி முயன்றார். பூட்டு ஊமையாக இருந்தது. "இன்னிக்கு முடியாது" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறை. நாய் போகும்போது கையோடு தொழிலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று அவருக்குத் தோன்றியது.

அதனால்தான் மகள், "கடையைக் குடுத்துட்டு இங்க வந்து இருங்கப்பா, பேரப்பிள்ளையோட இருந்தா மனசு ஆறும்" என்று சொன்னதாக மனைவி வந்து சொன்னபோது, அவர் மறுக்கவில்லை. அவர் சரி என்றதுதான் மனைவிக்கு எல்லாவற்றையும்விட அதிர்ச்சி. பூட்டு வியாபாரி ஒருவர் வெள்ளிக்கிழமை காலை வந்து கடையையும் இயந்திரத்தையும் பார்ப்பது என்று ஏற்பாடானது.

புதன்கிழமை ஜெராக்ஸ்காரம்மாள் கடைக்குள் வந்து அவர் தோளைத் தட்டினாள். "உங்க ஃபோனுக்கு அஞ்சு தடவை அடிச்சுப் பாத்துட்டு என் கடைக்கு அடிக்கிறாங்க. அடுத்த தெருவுல காது டெஸ்ட் பண்ற இடம் இருக்குல்ல, அங்க ஒரு கதவு மாட்டிக்கிச்சாம். ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்களாம்."

போக மனமில்லை. ஆனால் கதவு மாட்டிக்கொண்டது என்ற சொல்லைக் கேட்டு சும்மா உட்காருகிற பழக்கம் அவருக்கு இல்லை. போனார்.

இரண்டாவது மாடி. உள்ளே ஒரு அறைக்குள் இன்னொரு சின்ன அறை. ஆள் உயரப் பெட்டி மாதிரி. ஒரு கண்ணாடிச் சன்னல், உள்பக்கம் முழுக்கக் குழிகுழியான பஞ்சுச் சுவர், குளிர்பதனப் பெட்டிக் கதவைப் போல் தடித்த கதவு. அந்தக் கதவின் நாக்குத்தான் பாதியில் சிக்கி நின்றது. மூடினால் பிடிக்கவில்லை, பிடித்தால் திறக்கவில்லை. காது பரிசோதிக்கும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "சத்தம் உள்ள வரவே கூடாது சார். இந்தக் கதவு சரியா மூடலன்னா இன்னிக்கு ஒருத்தருக்கும் டெஸ்ட் பண்ண முடியாது."

கோளாறு உள்பக்கத்தில் இருந்தது. மூடிப் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பழக்கதோஷத்தில் கண்ணை மூடினார். கம்பியின் நுனி நாக்கைத் தொட்டது, தேய்ந்த ஒரு விளிம்பைத் தொட்டது, நழுவிய சுருளைத் தொட்டது. சுருளை அதன் இடத்தில் ஏற்றி, விளிம்பை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார். நாக்கு வெண்ணெயில் போகிற கத்திபோல் போய் வந்தது. பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். வெளியே வந்தார்.

அந்தப் பெண் சிரித்தாள். "பரவாயில்ல சார். பத்து நிமிஷத்துக்கு மேல யாரும் உள்ள தனியா இருக்க மாட்டாங்க. காது அடைக்குது, நெஞ்சு அடிக்கறது கேக்குதுன்னு ஓடி வந்துடுவாங்க. உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையா?"

"இல்லையேம்மா. என்ன பண்ணணும்?"

"உள்ள வேற மாதிரி இருந்திருக்குமே? அமைதியா?"

"எங்க வீடு மாதிரிதான் இருந்துச்சு. பத்து நாளா வீடும் கடையும் இப்படித்தான் இருக்கு" என்றார். பிறகு, சொல்லாமல் இருந்தால் மரியாதை இல்லை என்பதுபோல், "எங்க நாய் செத்துப்போச்சு" என்றார்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள். கருவிகளைப் பையில் போட அவர் திரும்பினார். போட்டு முடித்து நிமிர்ந்தபோது அவள் சுற்றி வந்து அவர் முன்னால் நின்றிருந்தாள்.

"சார், இப்ப மூணு தடவை கூப்பிட்டேன்."

"அப்படியா?"

"அஞ்சு நிமிஷம் உட்காருங்க. உங்களுக்கு ஒரு டெஸ்ட் பண்றேன். இந்தக் கதவைச் சரி பண்ணினதுக்கு அப்புறம் நீங்கதான் முதல் ஆள்."

தான் சரிசெய்த கதவுக்குப் பின்னால், காதில் கருவி மாட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்தார். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும் என்றாள். தூக்கினார், தூக்கினார், பிறகு வெகுநேரம் தூக்குவதற்கு ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் என்னவோ குறித்துக்கொண்டே இருந்தாள். வெளியே வந்ததும் ஒரு தாளைக் காட்டினாள். கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு கொஞ்ச தூரம் மேட்டில் ஓடி, திடீரென்று பள்ளத்தில் இறங்கி, அடியில் போய்க் கிடந்தது.

"இது எந்தப் பூட்டுச் சாவிம்மா? பல்லு இப்படி ஒரேயடியா இறங்குதே" என்றார்.

"இது உங்க காது சார்."

அவள் பொறுமையாக, முகத்துக்கு முகம் பார்த்துச் சொன்னாள். கீச்சென்ற சத்தங்கள், மெல்லிய சத்தங்கள் எதுவும் அவருக்குக் கேட்பதில்லை. இயந்திரத்துப் பக்கத்திலேயே இத்தனை வருடம் காதை மூடாமல் உட்கார்ந்ததால் வந்தது. எதிரில் நின்று பேசினால் பாதி கேட்டு, மீதியை உதட்டைப் பார்த்துச் சமாளிக்கிறார், தனக்கே தெரியாமல். முதுகுக்குப் பின்னால் பேசினால் ஒன்றும் விழாது.

"நாய் போன துக்கத்துல காது இப்படி ஆகுமா?"

"இது பத்து நாள்ல வந்தது இல்ல சார். ஏழெட்டு வருஷமாவது ஆகியிருக்கும்."

"அதெப்படி. பத்து நாளைக்கு முன்னாடி வரைக்கும் பூட்டு பேசறது கேட்டுச்சு எனக்கு."

"பூட்டுக்குள்ள வர்ற அந்தச் சின்ன டிக் சத்தமா?" அவள் தாளில் கோடு அடியில் கிடந்த இடத்தைத் தொட்டாள். "அது இங்க இருக்கு சார். அது உங்களுக்குக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. இன்னிக்கு இந்தக் கதவை எதைக் கேட்டுச் சரி பண்ணினீங்க?"

அவர் தன் விரல்களைப் பார்த்தார். கேட்கிறதா என்று இத்தனை வருடம் அவர் சோதித்ததே இல்லை. கேட்கிறது என்று நம்பிக்கொண்டு விரல் சொன்னதைச் செய்திருக்கிறார். நாய் போன பிறகு முதல்முறையாகப் பயந்துபோய் உற்றுக் கேட்டார். அப்போதுதான் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. தொழில் எங்கும் போகவில்லை. பத்து விரலிலும் பத்திரமாக இருந்தது.

அந்தப் பெண் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். "கடையில எப்படி உட்காருவீங்க சார்?"

"தெருவுக்கு முதுகைக் காட்டி."

"அப்ப ஆள் வந்தா உங்களுக்கு யார் சொல்வா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவருடைய இடது கை தானாகப் போய் இடது முழங்காலின்மேல் உட்கார்ந்தது. அங்கேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியை எதிரில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நான் சொல்றது உங்க காதுல விழல. இதுல எந்த வருஷத்துலேர்ந்து நிஜமாவே விழலன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அவர் சிரித்துவிட்டார். பத்து நாளில் முதல் சிரிப்பு. அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "இருங்க. நான் உங்களைக் கூப்பிடறதையே விட்டுட்டேனே. 'டேய், போய் அப்பாவக் கூட்டிட்டு வா'ன்னு அவன்கிட்டதான் சொல்லுவேன். போவான். நீங்க வருவீங்க. நல்ல புத்திசாலின்னு நெனச்சேன். அதுக்கு மேல யோசிக்கலையே."

அன்று மாலை இருவரும் தங்கள் வீட்டையே புதிதாகப் பார்த்தார்கள். அவள் துணி அலமாரியிலிருந்து அவருடைய கால்சட்டைகளைக் கொண்டுவந்து தரையில் பரப்பினாள். "இந்தக் கறையைத் தேச்சுத் தேச்சு என் கையே தேஞ்சுபோச்சு. நீங்களே பாருங்க. கடைக்குப் போடறதுல எல்லாம் இடது முட்டி. வீட்டுல போடறதுல வலது முட்டி."

"வீட்டுல ஃபோன் அடிச்சா வலது பக்கம் வருவான்" என்றார் அவர் மெதுவாக. சொல்லும்போதுதான் அதுவும் அவருக்கே தெரிந்தது. "குழாய் ஓடினா குதிகாலைக் கடிப்பான். நான் உதைச்சிருக்கேன்."

வெறுஞ்சாவியில் ஒவ்வொரு வெட்டுக்கும் ஓர் ஆழம் உண்டு. ஒரு வெட்டு நூலளவு தப்பினாலும் பூட்டு திறக்காது. இது இன்ன ஆழம், இது இன்ன இடம் என்று கொக்கி தனக்குள் ஒரு சாவி வெட்டி வைத்திருந்தது. அது செய்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: அவர் முகத்தைத் திருப்பியது. முகம் திரும்பினால் அவருக்குக் கேட்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அவருக்கே தெரியாத ஒன்று. இதை யார் அதற்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அவர் மறுபடி மறுபடி கேட்டார்.

ஒரு கால்சட்டையில் பின்பக்கம் பெரிய ஒட்டுத்தையல் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தையது. தெருவில் நடந்துகொண்டிருந்தவரைக் கொக்கி பின்னாலிருந்து கவ்வி இழுத்து நடைபாதையில் விழவைத்தது. கால்சட்டை கிழிந்தது, முழங்கை சிராய்த்தது. எழுந்தபோது ஒரு லாரி அவர் நின்ற இடத்தைத் தாண்டிப் பின்னோக்கி வந்து நின்றிருந்தது. லாரிக்காரர் இறங்கி, ஒலி எழுப்பிக்கொண்டுதானே வந்தேன் என்று கத்தினார். அவரோ நாயைத் திட்டினார். அன்று முழுக்கக் கட்டிப்போட்டார். அது கட்டிய இடத்தில் சும்மா படுத்திருந்தது. மறுநாள் காலையில் வழக்கம்போல் கடைக்கு முன்னால் நடந்தது.

அவர் அந்த ஒட்டுத்தையலின்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அழுகை அப்போதுதான் வந்தது. அதை அழுகை என்று மட்டும் சொன்னால் போதாது. பெரிய மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்கு வருகிற மாதிரி ஒன்று அதில் கலந்திருந்தது.

மகள் தொலைபேசியில் வந்தாள். மனைவி ஒலிபெருக்கியில் போட்டு, மகள் சொல்வதை அவர் முகத்தைப் பார்த்துத் திருப்பிச் சொன்னாள். மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அம்மா, எங்க வீட்டுக்கு வந்தப்ப அவன் என்னைப் பாத்துக் குரைச்சான்மா. நல்லாவே குரைச்சான். பசிச்சா குரைச்சான், வெளிய போகணும்னா குரைச்சான். அப்பாகிட்டதான் குரைக்கல" என்றாள்.

மனைவி இதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, சொன்ன வாயோடு அப்படியே நின்றாள். அவளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது.

"போன வருஷம் ஊசி போடக் கூட்டிட்டுப் போனமே. நாய் டாக்டர் என்ன சொன்னார், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மருத்துவர் அதன் தலைக்குப் பின்னால் கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, வயதாகிவிட்டது, இதற்குக் காது கேட்கவில்லை என்றார். அவர் சிரித்துவிட்டு, "அவனுக்கா டாக்டர்? கடைக்கு ஆள் வந்தா முதல்ல தெரியறதே அவனுக்குத்தான்" என்று சொல்லி, மருத்துவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று வழியெல்லாம் கேலி பேசிக்கொண்டு வந்தார்.

அந்த வருடம்தான் கொக்கி முக்காலியருகில் படுப்பதை விட்டது. வாசலில் குறுக்கே படுத்தது, முகவாயைத் தரையில் அழுத்தி. வருகிறவர்கள் அதைத் தொடாமல், தாண்டாமல் உள்ளே வர முடியாது. காலடி தரையில் அதிரும். அதிர்ந்தால் எழும், எழுந்து ஓர் அடி நகர்ந்து, வாலை வீசும். வால் முக்காலியின் காலில் படும். அவர் திரும்புவார். வீட்டில் தொலைபேசி இருக்கும் மரப்பலகைமேல் முகவாயை வைத்துத் தூங்கியது. அதைச் சோம்பல் என்றுதான் அவர்கள் பேர் வைத்திருந்தார்கள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்காத ஒரு நாய், கேட்காத ஒரு மனிதருக்காக, ஒரு வருடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. செத்த அன்றும் அந்த வேலையில்தான் இருந்தது.

"எனக்குச் சொல்லவே இல்லையே அவன்" என்றார்.

"சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கான்" என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை வந்த பூட்டு வியாபாரி கடை வாசலில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். ஜெராக்ஸ்காரம்மாள் ஓடிவந்து தோளைத் தட்டினாள். சாவிக்காரர் திரும்பி அவரை உட்காரவைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, "தப்பா நெனச்சுக்காதீங்க, கடையைக் குடுக்கறதா இல்ல" என்றார். வியாபாரி இயந்திரத்தை ஆசையோடு பார்த்துவிட்டுப் போனார்.

காதில் மாட்டும் கருவி வர மூன்று வாரம் ஆகும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். வந்தாலும் சாவி வெட்டும்போது அதைக் கழற்றிவிட்டுக் காதை மூடிக்கொள்ள வேண்டும், மிச்சம் இருப்பதாவது தங்கட்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். இயந்திரத்தைத் திருப்பிப் போடவும் இடமில்லை. அவர் வாசலைப் பார்த்தார். கொக்கி படுத்த இடத்தில் தரையின் சாயம் தேய்ந்து, நீளமாக ஒரு வெளுத்த அடையாளம் இருந்தது.

இரண்டு நாள் கடையைப் பாதி சாத்திவிட்டு வேலை பார்த்தார். அந்த அடையாளத்தின் அளவுக்கே ஒரு பலகை அறுத்தார். அதன் ஒரு பக்கத்துக்குக் கீல், மறு பக்கத்துக்குக் கீழே சுருள். மிதித்தால் அரை விரற்கடை இறங்கும். பலகையின் அடியிலிருந்து ஒரு கம்பி, மெல்லிய குழாய்க்குள் சுவரோரமாக ஓடி, முக்காலி வரை வந்தது. அங்கே ஒரு சின்ன நெம்புகோல். அதன் நுனியில் என்ன வைப்பது என்று யோசித்தார். இரும்பு உறுத்தியது. ரப்பர் வழுக்கியது. ஆணியில் மாட்டியிருந்த கழுத்துப் பட்டையை எடுத்தார். அதன் தோல் உள்பக்கம் மிருதுவாக, கொஞ்சம் பிசுக்காக இருந்தது. வெட்ட மனம் வரவில்லை. வெட்டாமல் முழுதாகவே சுருட்டி, நுனியில் வைத்துக் கட்டினார்.

உயரம்தான் சரியாக வரவில்லை. தொடையில் பட்டது, பிறகு கெண்டைக்காலில் பட்டது. அரத்தால் தேய்த்தும் ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். ஒரு சாவிக்குக்கூட அவர் அத்தனை தடவை மெனக்கெட்டதில்லை. மனைவி பக்கத்தில் நின்று, "எங்க வேணும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் அந்த இடத்தைக் காட்டினார். அவள் அங்கே சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இயந்திரத்தை ஓடவிட்டார். பாதிச் சாவி வெட்டியிருப்பார். இடது முழங்காலில், சரியாக அந்த இடத்தில், தோல் மெத்தென்று வந்து முட்டியது.

"சும்மா கிடடா" என்று அவர் வாய் சொன்னது. கை தானாகக் கீழே இறங்கி, ஒரு தலை இருக்க வேண்டிய உயரத்தில் போய் நின்றது. அங்கே காற்றுத்தான் இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை. ஒரு தலையைத் தடவுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அங்கேயே வைத்திருந்தார். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பினார்.

பலகைமேல் ஜெராக்ஸ்காரம்மாள் நின்றிருந்தாள். கூப்பிட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"வாங்கம்மா" என்றார் சாவிக்காரர். "வந்தது தெரிஞ்சுது."